படத்திற்கென அமைந்த நிலம்: சமூக ஊடகக் காலச் சுற்றுலா இடங்களில் முதல், கரு, உரி

ஆய்வுச் சுருக்கம்

சமூக ஊடகங்களில் பகிரத்தக்க ஒளிப்படம் எடுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட சுற்றுலா இடங்களும், அந்நோக்கத்திற்கேற்பப் பயன்பாடு மாறிய பழைய இடங்களும் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. இவ்விடங்கள் எவ்வாறு அமைகின்றன, வருவோரை எத்தகைய ஒழுக்கத்திற்கு உட்படுத்துகின்றன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 18ஆம் நூற்றாண்டில் உருவான நோக்கிடங்கள், பாலித் தீவின் லெம்புயாங் கோயில் வாயில், நியூயார்க்கில் தொடங்கிய ஐஸ்கிரீம் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமின் எழுத்துருவச் சிற்பம் ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு பகுப்பாய்வுக் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தற்படம், நோக்கிடம், நிலமும் பொழுதும், திணை மயக்கம், அருங்காட்சியகம், உளப்பாட்டுத் தன்மை.

முன்னுரை

ஓர் இடத்திற்குச் சென்றவர் அங்குச் சென்றதற்குச் சான்றாகப் படம் எடுத்துக்கொள்வது ஒளிப்படக் கலையளவு பழைய வழக்கம். படம் எடுப்பதற்காகவே ஓர் இடத்திற்குச் செல்வதும், அவ்வாறு செல்வோருக்காகவே ஓர் இடம் கட்டப்படுவதும் பெருவழக்கானது அண்மைக் காலத்தில்தான். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் இன்ஸ்டாகிராம் செயலி வெளிவந்தது. 2013இல் ஆக்ஸ்போர்டு அகராதியினர் 'செல்ஃபி' என்னும் சொல்லை அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தனர். தமிழில் அதற்குத் தற்படம், சுயமி, தாமி எனப் பல சொற்கள் உருவாயின. ஒரு செயலுக்குப் பெயர் தேவைப்படும் அளவிற்கு அது பெருகிய பின், அச்செயலுக்கென இடமும் தேவைப்பட்டது.

இத்தகைய இடங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, இவை போலியானவை, வருவோர் தம்மைத் தாமே வியக்கும் மனப்பான்மையினர் எனப் பழித்தல். மற்றொன்று, சுற்றுலா வருவாய்க்கு இவை உதவுகின்றன எனப் போற்றுதல். இரண்டுமே இடத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவதில்லை. எங்கே நிற்க வேண்டும், எத்திசை நோக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்கலாம், எது படச்சட்டத்திற்குள் வரும், எது வெளியே நிற்கும் என்பனவற்றையெல்லாம் இடமே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது. வருபவரின் விருப்பத்தை ஆராய்வதற்கு முன், அவருக்காக எடுக்கப்பட்ட இம்முடிவுகளை ஆராய வேண்டியுள்ளது.

ஆய்வு அணுகுமுறை

சுற்றுலா பற்றிய மேலைக் கோட்பாடுகள் இப்பொருளுக்குத் துணை செய்வன. டேனியல் பூர்ஸ்டின் 1960களின் தொடக்கத்தில் எழுதிய 'தி இமேஜ்' என்னும் நூலில், பதிவு செய்யப்படுவதற்காகவே நிகழ்த்தப்படும் நிகழ்வுகளைப் போலி நிகழ்வுகள் எனப் பிரித்துக் காட்டினார். டீன் மக்கானல் 1976இல் வெளியிட்ட 'தி டூரிஸ்ட்' என்னும் நூலில், சுற்றுலாப் பயணி மெய்ம்மையைத் தேடுகிறான் என்றும் அவனுக்கு அரங்கேற்றப்பட்ட மெய்ம்மையே கிடைக்கிறது என்றும் வாதிட்டார். ஜான் உர்ரி 1990இல் சுற்றுலாப் பார்வை என்னும் கருத்தாக்கத்தை விரித்துரைத்தார். இம்மூவரின் ஆய்விலும் பயணி என்பவர் அடிப்படையில் காண்பவர். ஆனால் இங்கு எடுத்துக்கொண்ட இடங்களில் பயணி காண்பவராக மட்டுமின்றிக் காணப்படுபவராகவும் நிற்கிறார். இவ்வேறுபாட்டை விளக்க, நிலத்தையும் அதில் நிகழும் மாந்தர் ஒழுக்கத்தையும் ஒருசேர வைத்து எண்ணும் ஒரு சட்டகம் தேவைப்படுகிறது.

தொல்காப்பியம் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். பாடலுள் இவை பயிலும் முறையில் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்து நிற்கும். நிலமும் அதன் பொருள்களும் மாந்தர் உணர்வு பொருள்படுவதற்கான களமாகின்றன. அகத்திணையியல் கவிதைக்கு வகுத்த இலக்கணம். சுற்றுலா இடத்திற்கு வகுத்ததன்று. எனினும், ஓர் இடத்தில் எது நிலையானது, எது அதனைச் சார்ந்தது, எது மாந்தர்க்கு உரியது என்னும் மூன்று வினாக்களை ஒழுங்குபடக் கேட்க அது வழி செய்கிறது. அந்த அளவிலேயே அது இங்குக் கையாளப்படுகிறது.

நோக்கிடமும் நிறக்கண்ணாடியும்

படத்திற்கென இடம் தேடும் வழக்கம் கைப்பேசிக்கும் ஒளிப்படக் கருவிக்கும் முற்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திற்குச் சென்ற பயணிகள், இயற்கையை ஓவியம் போலக் காண விரும்பினர். வில்லியம் கில்பின் முதலியோர் பரப்பிய 'ஓவியத்தன்மை' பற்றிய கொள்கை அவர்களுக்கு வழிகாட்டியது. தாமஸ் வெஸ்ட் 1778இல் வெளியிட்ட ஏரிகளுக்கான வழிகாட்டி நூல், எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று காண வேண்டும் என்பதை வரிசைப்படுத்திக் கூறியது. அவ்விடங்களை அவர் 'ஸ்டேஷன்' என அழைத்தார். தமிழில் அதனை நோக்கிடம் எனலாம். நிலம் பரந்து கிடக்க, காணத்தக்க புள்ளி மட்டும் நூலால் வரையறுக்கப்பட்டது.

இப்பயணிகள் கையில் வைத்திருந்த கருவி கிளாடு ஆடி எனப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் நிலக்காட்சி ஓவியர் கிளாடு லொரேன் பெயரால் வழங்கிய அது, கருமை தோய்ந்த சிறிய குவியாடி. அதில் தெரியும் காட்சி சுருங்கி, நிறம் அடங்கி, ஓவியம் போலத் தோன்றும். அதைப் பயன்படுத்துபவர் காண வேண்டிய காட்சிக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் இவ்வாறு ஆடியைப் பார்த்தபடி செல்லுகையில் பின்புறமாக விழுந்து விரல் முட்டியில் காயமுற்றதைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். படத்திற்காகத் தரையை மறந்த பயணி நம் காலத்தில் தோன்றியவரல்லர் என்பதற்கு இது சான்றாகும்.

இவற்றுள் மிகவும் கருதத்தக்கது வின்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில் 1790களில் எழுந்த கிளேஃப் நோக்கிடம். அக்கட்டடத்தின் சாளரங்களில் நிறக்கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருந்தன. மஞ்சள் வழியே கண்டால் கோடை. செம்மஞ்சள் வழியே இலையுதிர் காலம். இளம்பச்சை வழியே இளவேனில். கருநீலம் வழியே நிலவொளி. ஒரே நாளில், ஒரே இடத்தில் நின்று, பயணி பல பொழுதுகளைக் காணலாம். இன்றைய படச் செயலிகளில் உள்ள நிற வடிப்பான்களின் முன்னோடியாக இச்சாளரங்களைக் கொள்ளலாம். முதற்பொருள் நோக்கில் இச்செய்தி மேலும் பொருள் தருவது. நிலமும் பொழுதும் இணைந்தே முதற்பொருளாகும். பெரும்பொழுதும் சிறுபொழுதும் மாந்தர் காத்திருந்து பெறுவன. கார்காலத்திற்கு ஒருவர் காத்திருக்க நேர்வதாலேயே முல்லைக்கு இருத்தல் உரிப்பொருளாயிற்று. கிளேஃப் நோக்கிடம் நிலத்தை அப்படியே விட்டு, பொழுதை மட்டும் அதிலிருந்து பிரித்து, கண்ணாடியில் ஏற்றித் தந்தது. காத்திருத்தல் தேவையற்றதாயிற்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கிளாடு ஆடியை ஏந்தியவர் நிலத்திற்கு முதுகு காட்டியது நிலத்தைக் காண்பதற்கே. ஆடியில் அவர் தேடியது மலையும் நீரும், தம் முகமன்று. முதுகு காட்டும் அதே நிலை இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பயனுக்கு உரியதாயிற்று.

லெம்புயாங்: மயங்கிய நிலம்

இந்தோனேசியாவின் பாலித் தீவில், கீழ்த்திசைக் காரங்காசெம் பகுதியில் லெம்புயாங் மலை உள்ளது. அதன் உச்சியில் உள்ள லெம்புயாங் லுஹுர் பாலி இந்துக்களின் தலைமைக் கோயில்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை பல கோயில்கள் உள்ளன. மேலேற ஏறத்தாழ 1,700 படிகளைக் கடக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் உள்ள பெனதாரான் ஆகுங் கோயிலின் பிளந்த வாயிலே உலகறிந்த படக்களம். பாலி மொழியில் 'சண்டி பெந்தார்' எனப்படும் இவ்வகை வாயில், ஒரு கோபுரத்தை நடுவே பிளந்து இருபுறமும் விலக்கி வைத்தாற்போன்றது; மேற்கூரை இல்லாதது. வெளியுலகிலிருந்து கோயில் வளாகத்திற்குள் புகுவோர் அதனூடே நடந்து வருவர். வளாகத்தின் உள்ளிருந்து வெளியே நோக்கினால், இரு பிளவுகளுக்கிடையே ஆகுங் எரிமலை தெரியும். அது பாலி மக்கள் மிகப் புனிதமாகக் கருதும் மலை.

சமூக ஊடகங்களில் பரவிய படங்களில் வாயிலின் அடியில் தெளிந்த நீர்நிலை ஒன்று காணப்படும். வாயிலும் மலையும் நிற்பவரின் உருவமும் அந்நீரில் தலைகீழாகத் தெரியும். அங்கு நீர்நிலை எதுவும் இல்லை. இருப்பது கல் பாவிய முற்றமே. படம் எடுத்துத் தரும் உள்ளூர்ப் பணியாளர் கைப்பேசிக் கருவியின் வில்லைக்குக் கீழே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடிக்கிறார். மேற்பாதிக் காட்சி அக்கண்ணாடியில் பட்டுக் கீழ்ப்பாதியாகத் தெரிகிறது. 2019இல் இவ்வுத்தி பரவலாக வெளிப்பட்டபோது ஏமாற்றமடைந்தோர் பலர். ஆனால் வெளிப்பட்ட பின்னும் வரிசை குறையவில்லை. வருவோர் எண் பெற்று, நெரிசல் மிகுந்த நாட்களில் மணிக்கணக்கில் காத்திருந்து, தம் முறை வந்ததும் சில நிலைகளில் நின்று படமெடுத்துக்கொண்டு விலகுகின்றனர்.

இதில் ஆய்விற்குரிய கூறுகள் மூன்று. முதலாவது நிலம் பற்றியது. அகத்திணையியல் திணை மயங்குதலை விலக்குவதில்லை. ஆனால் நிலம் மயங்குதலை ஏற்பதில்லை. குறிஞ்சி நிலத்தில் மாலைப்பொழுதின் ஏக்கம் வரலாம். மலையடியில் இல்லாத கழியை வைக்க முடியாது. லெம்புயாங்கின் கண்ணாடித் துண்டு இவ்வெல்லையைக் கடக்கிறது. கிளேஃப் நிறக்கண்ணாடி பொழுதைப் பிரித்தது என்றால், இக்கண்ணாடி நிலத்தையே மாற்றி வரைகிறது. முதற்பொருளின் இரு கூறுகளும் இவ்வாறு கருவியின் வயப்படுகின்றன.

இரண்டாவது வாயிலின் பயன் பற்றியது. வாயில் என்பது கடப்பதற்குரியது. அதனூடே புகுவோர் நடந்தவாறே ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறுகின்றனர். பிளந்த வாயிலின் பொருள் அந்நடையில் உள்ளது. படத்திற்காக வருபவர் வாயிலைக் கடப்பதில்லை, அதில் நிற்கிறார். அவர் நிற்கும் வரை வேறொருவர் அதனூடே வருவது படத்தைக் கெடுக்கும். வழியாக அமைந்தது சட்டகமாக மாறிவிடுகிறது. கோயிலின் கருப்பொருள்களாகிய தெய்வமும் வழிபாடும் படிகளும் படச்சட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. பயணிகள் இடுப்பில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும் என்னும் நெறி மட்டும் அது கோயில் என்பதை நினைவூட்டுகிறது. அத்துணியும் படத்தில் ஓர் அழகாகிவிடுகிறது.

மூன்றாவது, நோக்கும் திசை. நிற்பவர் ஆகுங் மலைக்கு முதுகு காட்டிக் கருவியை நோக்குகிறார். அவர் மலையைக் காண்பது பின்னர்க் கைப்பேசித் திரையில்தான். கிளாடு ஆடியை ஏந்தியவரின் நிலை இங்கே மீண்டும் தோன்றுகிறது. ஆனால் இப்போது ஆடியில் தேடப்படுவது நிலத்தின் முன் நிற்கும் தன்னுரு. நிலம் அதற்குப் பின்புலம்.

இதனை வெறும் பயணியின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. காத்திருப்பில் ஓர் இருத்தல் ஒழுக்கம் உள்ளது. வேற்று நாட்டினர் ஒருவரோடொருவர் பேசுவதும், முன் நிற்பவரின் படத்திற்கு வழிவிட்டு ஒதுங்குவதும் அவ்வரிசையிலேயே நிகழ்கின்றன. கண்ணாடியைப் பிடிக்கும் உள்ளூர்ப் பணியாளரின் கைத்திறன் பயிற்சியால் வந்தது. கருப்பொருளுள் ஒன்றாகிய 'தொழில்' அங்கே புதிதாக ஒன்று தோன்றியுள்ளது. ஆனால் வரிசையும் பணியாளரின் கையும் படத்தில் இடம்பெறுவதில்லை. இடத்தில் மெய்யாக நிகழ்ந்த ஒழுக்கம் காத்திருத்தல். படம் காட்டும் ஒழுக்கம் தனிமை. உரிப்பொருள் தலைகீழாவது இங்கேதான். இல்லாத நீரைவிட இல்லாத தனிமையே அப்படத்தின் பெரிய புனைவு.

ஐஸ்கிரீம் அருங்காட்சியகம்: காட்சிப்பொருள் எது?

லெம்புயாங் பழைய இடம். அதன் பயன்பாடு மாறியது. முழுமையாகப் படத்திற்கென்றே கட்டப்பட்ட இடத்திற்குச் சான்று, மேரியெல்லிஸ் பன், மனிஷ் வோரா ஆகியோர் 2016இல் நியூயார்க்கில் தற்காலிகமாகத் திறந்த ஐஸ்கிரீம் அருங்காட்சியகம். அதனைத் தொடர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, மயாமி ஆகிய நகரங்களில் அது அமைந்தது. 2019இல் நியூயார்க்கில் நிலையான இடம் பெற்றது. 2021இல் சிங்கப்பூருக்கும் வந்தது. இளஞ்சிவப்பு நிறச் சுவர்களும் ஊஞ்சல்களும் அங்கே உண்டு. ஐஸ்கிரீமின் மேல் தூவும் வண்ண மிட்டாய்த் துகள்களைப் போன்ற நெகிழித் துகள்கள் நிரம்பிய குளம் அதன் அடையாளமாயிற்று. வருவோர் அக்குளத்தில் இறங்கிப் படுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றனர். துகள்களை உண்ண முடியாது. குளத்தில் நீந்த முடியாது. உண்பதற்கும் நீந்துவதற்கும் உரிய இரு பொருள்களும் தம் பயனை இழந்து, நிறத்தை மட்டும் தக்கவைத்துள்ளன.

இவ்விடத்திற்கு அருங்காட்சியகம் என்னும் பெயர் பொருந்துமா என்பது மொழிநிலையில் எண்ணத்தக்கது. தமிழில் மியூசியம் என்பதற்கு வழங்கும் அருங்காட்சியகம் என்னும் சொல் மூன்று உறுப்புகள் கொண்டது. அருமை என்பது கிடைத்தற்கு அரியதைக் குறிக்கும். காட்சி என்பது காண்டல் தொழிலையும் காணப்படும் பொருளையும் ஒருங்கே குறிக்கும். அகம் என்பது இடம். பழைய நாணயமோ செப்பேடோ வைக்கப்பட்ட கூடத்தில் இம்மூன்றும் பொருந்தும்: பொருள் அரியது, அதைக் காண்போர் வருகின்றனர், அதற்கோர் இடம் உள்ளது. ஐஸ்கிரீம் அருங்காட்சியகத்தில் அரிய பொருள் எதுவும் இல்லை. உள்ளவை எல்லாம் மீண்டும் செய்து அடுத்த நகரில் நிறுவத்தக்கவை. எனில் அங்குக் காணப்படும் பொருள் எது? வருபவரே. நுழைவுக் கட்டணம் செலுத்தி உள்ளே வருபவர் அங்குள்ள வெற்றிடத்தைத் தம் உருவால் நிரப்புகிறார். அவர் வந்து நிற்கும் வரை காட்சி முழுமை பெறுவதில்லை.

இந்நெருக்கடியை நிறுவியோரும் உணர்ந்திருந்தனர். மேரியெல்லிஸ் பன் தம் இடத்தைக் குறிக்க 'எக்ஸ்பீரியம்' என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். பட்டறிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் மியூசியம் என்பதன் ஈற்றையும் ஒட்டி அமைந்தது அது. இச்சொல்லாக்கத்தில் பொருள் விலகி அனுபவம் இடம்பெற்றது. எனினும் வாயிற்பெயரில் மியூசியம் என்னும் சொல்லே நிலைத்தது. மதிப்பு பழைய சொல்லில் தங்கியுள்ளமையே அதற்குக் காரணமாகலாம்.

நிலமும் பொழுதும் இங்கு முற்றிலும் அற்றுப்போகின்றன. சாளரமற்ற கூடத்தில் விளக்கொளி எப்போதும் ஒன்றே. காலையும் மாலையும் இல்லை. நியூயார்க்கில் எடுத்த படத்தையும் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த படத்தையும் வேறுபடுத்த இயலாது. லெம்புயாங்கில் முதற்பொருள் மயங்கியது. இங்கு அது நீக்கப்பட்டுவிட்டது. கருப்பொருள் ஒன்றே, நிறமாக எஞ்சியது. உரிப்பொருளோ மகிழ்தல் என ஒன்றாக முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. இளஞ்சிவப்புக் குளத்தில் வருந்தி நிற்பவர் தவறான இடத்தில் நிற்பவராகவே தோன்றுவார்.

தமிழ்நாட்டுப் படநிலையங்களில் வழங்கிய தீட்டிய திரைச்சீலைகளோடு இதனை ஒப்பிடுவது பயன்தரும். மாளிகைப் படிக்கட்டும் ஏரியும் தீட்டிய திரையின் முன்னும், பொருட்காட்சித் திடலில் அட்டையால் செய்த காரின் பின்னும் குடும்பத்தினர் நின்று படமெடுத்துக்கொண்டனர். அங்கும் நிலம் புனைவே. ஆனால் அத்திரை தன்னைத் திரை என மறைக்கவில்லை; படம் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டது; அதைக் கண்டோர் நிற்பவர்களை அறிந்தோர். அவர்களுக்குத் திரையின் பொய் ஒரு பொருட்டன்று. முகம் மெய்யாக இருந்தது. அது போதுமானதாக இருந்தது. சமூக ஊடகப் படத்தைக் காண்போருள் பலர் நிற்பவரை அறியாதவர். ஆகவே முகத்திற்கு நிகராகப் பின்புலமும் பேச வேண்டியதாகிறது.

எழுத்தே இடமாதல்: தன்மை ஒருமையும் உளப்பாட்டுப் பன்மையும்

படத்திற்கென அமைந்த இடங்களுள் ஒருவகை, எழுத்துகளால் ஆனது. ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்துகளில் வடித்து நிறுத்துவது இன்று உலக வழக்கு. இவ்வழக்கைப் பரப்பியவற்றுள் முதன்மையானது ஆம்ஸ்டர்டாம் நகரின் 'ஐ ஆம்ஸ்டர்டாம்' என்னும் சிற்பம். 2004இல் நகரின் விளம்பரத் தொடராக உருவான அது, பின்னர் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் அருகே ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 23.5 மீட்டர் நீளமும் உடைய எழுத்துகளாக நிறுவப்பட்டது. ஆங்கிலத்தில் 'நான் இருக்கிறேன்' எனப் பொருள்படும் இரு சொற்கள் ஊர்ப்பெயரின் முதல் அசையோடு கலந்து, அப்பகுதி மட்டும் சிவப்பாகவும் எஞ்சியது வெள்ளையாகவும் அமைந்தன. பயணிகள் எழுத்துகளின் மேல் ஏறியும் இடையே அமர்ந்தும் படமெடுத்தனர்.

இத்தொடர் இலக்கண நிலையில் ஓர் எழுவாயைத் திறந்து வைக்கிறது. 'நான்' என்பது யார்? எழுத்துகளின் முன் யார் நிற்கிறாரோ அவர். ஒருவர் இறங்க மற்றவர் ஏற, எழுவாய் மாறிக்கொண்டே இருக்கும். பயனிலையாகிய ஊர் மாறாது. பனுவலை முழுமையாக்கும் உறுப்பாக உடலே பயன்படுகிறது. ஆனால் இத்தொடரில் தன்மை ஒருமைக்கு மட்டுமே இடம் உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்தில் பசுமை இடதுசாரிக் கட்சியினர் எழுப்பிய எதிர்ப்பு இதனைத் தொட்டது. இச்சிற்பம் தனிமனித நோக்கை முன்னிறுத்துகிறது, நகரை ஒரு விளம்பரக் கதையாகச் சுருக்குகிறது, பெருந்திரள் சுற்றுலாவின் சின்னமாகிவிட்டது என்பன அவர்கள் கூற்றின் சாரம். 2018 டிசம்பரில் எழுத்துகள் அவ்விடத்திலிருந்து அகற்றப்பட்டன. ஒரு நகரம் தன்னைப் பற்றிய ஒரு தொடரின் எழுவாயை மறுத்த நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

சென்னை மெரினா கடற்கரையில் படமெடுப்போர் கூடும் எழுத்துருவச் சிற்பம் 'நம்ம சென்னை' என்னும் தொடரால் ஆனது. இரண்டு தொடர்களும் ஒரே பயனுக்கு உரியவை, இலக்கணம் வேறு. தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். நாம் என்பது முன்னிலையாரை உட்படுத்தும். நாங்கள் என்பது முன்னிலையாரை விலக்கிப் படர்க்கையாரை உட்படுத்தும். தன்மைப் பன்மை வினைமுற்று ஈறுகளுள் அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம் என்பன படர்க்கையாரையும் உளப்படுத்தும் என இலக்கண நூலார் பிரித்தமை இவ்வேறுபாட்டின் தொன்மையைக் காட்டும். 'நம்ம' என்னும் பேச்சு வடிவம் நாம் என்பதன் வேற்றுமைத் திரிபினின்று வந்தது. ஆகவே அது கேட்பவரை விட்டுவிட்டுப் பேச முடியாத சொல். 'எங்கள் சென்னை' என எழுதியிருப்பின் வேற்றூரார் விருந்தினராக மட்டுமே நிற்க முடியும். 'நம்ம சென்னை' அவரையும் உரியவராக்குகிறது.

மேலும், இங்குப் பேசுபவர் இடம் மாறுகிறது. எழுத்துகளை நிறுவியபோது பேசுபவர் நகரம், கேட்பவர் வருபவர். வருபவர் அதன் முன் நின்று படத்தைப் பகிர்ந்தவுடன் அவரே பேசுபவர். படத்தைக் காணும் தொலைவிலுள்ளோர் கேட்பவர். அயலூரில் இருந்து படத்தைக் காணும் உறவினரும் அந்த 'நம்ம'வுக்குள் வருகிறார். பகிர்தல் என்னும் செயலும் உளப்பாட்டுத் தன்மையும் இவ்வாறு ஒன்றுக்கொன்று இயைகின்றன.

ஆயினும் இலக்கணம் தரும் உறுதியைச் சட்டகம் காப்பாற்றுகிறதா என்பது தனி வினா. மெரினாவுக்குரிய கருப்பொருள்கள் கட்டுமரமும் வலையும் சுண்டல் விற்போரும் மணலும். எழுத்துகளை மட்டும் அடக்கிய படச்சட்டத்தில் இவற்றிற்கு இடமில்லை. 'நம்ம' என்னும் சொல்லுக்குள் அடங்குவோர் எல்லாரும் படத்திற்குள் அடங்குவதில்லை. சொல் உளப்படுத்துகிறது, சட்டகம் பிரிக்கிறது.

படத்தின் உரிமை

நிலத்தை அமைத்தவர், அதில் எடுக்கப்படும் படத்தின் மீதும் உரிமை கோர இயலுமா? நியூயார்க்கின் ஹட்சன் யார்ட்ஸ் வளாகத்தில் 2019 மார்ச்சில் திறக்கப்பட்ட 'வெசல்' என்னும் கட்டமைப்பு இவ்வினாவை எழுப்பியது. தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்த அது, ஏறத்தாழ 2,500 படிகளும் 80 தங்குமேடைகளும் உடையது. ஏறுதலும் காணுதலும் தவிர வேறு பயன் அற்றது. வருவோர் எடுக்கும் படங்களை உரிமையாளர் விரும்பியவாறு பயன்படுத்தலாம் என்னும் பொருள்பட நுழைவு விதிகள் முதலில் அமைந்திருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் அவை திருத்தப்பட்டன. கடற்கரையிலோ மலையிலோ இவ்வினா எழுவதில்லை. அங்கு நிலத்தை ஆக்கியவர் ஒருவர் இல்லை.

அக்கட்டமைப்பில் நேர்ந்த உயிரிழப்புகளை அடுத்து அது 2021இல் மூடப்பட்டது. தனியாக வருவோருக்கு அனுமதி இல்லை என்னும் விதியோடு அவ்வாண்டே திறக்கப்பட்டு, மீண்டும் ஓர் உயிரிழப்பிற்குப் பின் மூடப்பட்டது. 2024இல் எஃகு வலை பொருத்தி மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வுயிரிழப்புகளுக்குப் படமெடுத்தல் காரணமன்று. ஆயினும் மகிழ்வோரை மட்டுமே எதிர்நோக்கி அமைக்கப்பட்ட இடத்திற்கு மகிழாதவரும் வருவர் என்பதை அவை உணர்த்தின. உரிப்பொருளை ஒன்றாக வரையறுத்த நிலம், பிற உரிப்பொருள்களைத் தாங்கும் ஆயத்தம் இன்றியே எழுகிறது. அதன் விலை சில வேளைகளில் மிகப் பெரிது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. படத்திற்கென இடத்தை வரையறுக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் நோக்கிடங்களிலேயே உள்ளது. நிறக்கண்ணாடியும் குவியாடியும் இன்றைய வடிப்பான்களின் வேலையைச் செய்தன. நிலத்தைக் காண முதுகு காட்டிய பயணி, இன்று தன்னைக் காட்ட முதுகு காட்டுகிறார் என்பதே அடிப்படை மாற்றம்.

2. முதற்பொருள் படிப்படியாகக் கருவியின் வயமாகிறது. கிளேஃபில் பொழுது பிரிந்தது. லெம்புயாங்கில் நிலம் மயங்கியது. ஐஸ்கிரீம் அருங்காட்சியகத்தில் இரண்டும் நீங்கின.

3. இடத்தில் மெய்யாக நிகழும் ஒழுக்கமும் படம் காட்டும் ஒழுக்கமும் வேறாகின்றன. காத்திருத்தல், ஒதுங்கி வழிவிடல், உள்ளூர்ப் பணியாளரின் உழைப்பு ஆகியன படத்தில் இல்லை.

4. எழுத்துருவச் சிற்பங்களில் தன்மை ஒருமையும் உளப்பாட்டுப் பன்மையும் இருவேறு வகையான உரிமையை வழங்குகின்றன. தமிழின் உளப்பாட்டுப் பன்மை அளிக்கும் அகலத்தைப் படச்சட்டம் குறுக்குகிறது.

அகத்திணை மரபில் நிலம் ஒருபோதும் பின்புலமாக மட்டும் நின்றதில்லை. மாந்தர் சொல்ல இயலாததை அது தாங்கி நின்றது. நெய்தல் மணலில் இரங்குவதற்கும், முல்லைப் புறவில் காத்திருப்பதற்கும், குறிஞ்சிச் சாரலில் கூடுவதற்கும் இடம் இருந்தது. ஓர் இடம் எத்தனை உரிப்பொருள்களைத் தாங்க வல்லது என்பதை அதன் வளத்தை அளக்கும் கோலாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டின் ஊர்களில் எழுத்துருவச் சிற்பங்களும் படக்களங்களும் அமைக்கப்பட்டு வரும் இக்காலத்தில், அவற்றைத் திட்டமிடுவோர் படம் நன்றாக வருமா என்பதோடு, படம் எடுக்க வராதவருக்கு அங்கே நிற்க இடம் உண்டா என்பதையும் கருத வேண்டும்.